குடும்பக் கம்பெனி தன் பங்கையே திரும்ப வாங்குவது எப்படி?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் கம்பெனிகள் பலவற்றில் பங்குதாரர்கள் அண்ணன் தம்பிகள், சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள். ஒருவர் விலக நினைத்தால், “கம்பெனிப் பணத்தைக் கொடுத்து அவர் பங்கை முடித்துவிடலாமே” என்ற பேச்சு வரும். முடிக்கலாம். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 68, 69, 70ஆம் பிரிவுகளில் அதற்கு வழி இருக்கிறது. இங்கே சொல்வது பிரைவேட் லிமிடெட் கம்பெனிகளுக்கு. பங்குச் சந்தையில் உள்ளவை, சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் விதிகளையும் பார்க்க வேண்டும்.

படி 1: தகுதி
இப்படித் திரும்ப வாங்குவதற்குப் பைபேக் என்று பெயர். அதற்குக் கம்பெனியின் உள்விதிகளான சங்க விதிகளில் இடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் முதலில் அதைத் திருத்துங்கள். வாங்கப்போகும் பங்குகளுக்கு முழுத்தொகையும் செலுத்தப்பட்டிருக்க வேண்டும். வங்கியின் டெர்ம் லோன் தவணை தவறியிருந்தால் பைபேக் கிடையாது. அதைச் சரிசெய்து மூன்று ஆண்டுகள் கழிந்த பிறகே பேசலாம்.

படி 2: கணக்கு
ஒரு கற்பனைக் கம்பெனி: 100 ரூபாய்ப் பங்குகள் 40,000, அதாவது மூலதனம் 40 லட்சம். பிரீமியமும் (முகமதிப்புக்கு மேல் பங்கை விற்றுப் பெற்ற தொகை) சேர்த்து, தடையற்ற இருப்பு, அதாவது பங்காதாயமாகப் பிரிக்கத் தடையில்லாத சேமிப்பு, 1.60 கோடி. மொத்தம் 2 கோடி. இதில் 25 சதவீதம், 50 லட்சம் வரை செலவிடலாம். ஒரு நிதியாண்டில் 10,000 பங்குகளுக்கு மேல் வாங்கவும் கூடாது.

பங்கு 500 ரூபாய் வீதம் 10,000 பங்குகளை வாங்கினால் மூலதனம் 30 லட்சமாகும். இருப்பில் 40 லட்சம் போகும். வாங்கிய பங்குகளின் முகமதிப்பான 10 லட்சத்தை மூலதன மீட்பு இருப்பு என்ற தனிக் கணக்குக்கு மாற்ற வேண்டும். மிஞ்சுவது 30 லட்சமும் 1.10 கோடியும், ஆக 1.40 கோடி. கடன் இதைப் போல் இரு மடங்குக்குள், 2.80 கோடிக்குள் இருக்க வேண்டும். அந்த 10 லட்சத்தைக் கழிக்க மறந்து 3 கோடி என்று போட்டுவிடுவது எளிது.

படி 3: தீர்மானம்
மூலதனமும் இருப்பும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம் வரை இயக்குநர் குழுவின் தீர்மானம் போதும். அதற்கு மேல் என்றால் பொதுக்குழுவின் சிறப்புத் தீர்மானம் வேண்டும். பதிவாகும் வாக்கில் முக்கால் பங்கு ஆதரவு. தீர்மானத்திலிருந்து ஓராண்டுக்குள் எல்லாம் முடிய வேண்டும்.

படி 4: அழைப்பு
பங்குதாரர்களைப் பங்கை விற்க அழைக்கும் கடிதத்தையும் (படிவம் எஸ்.எச்-8), கடனை அடைக்கும் சக்தி உண்டு என்னும் எஸ்.எச்-9 உறுதிமொழியையும் சென்னையிலுள்ள கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்யுங்கள். பிறகு 20 நாளுக்குள் கடிதம் பங்குதாரர்களுக்குப் போக வேண்டும். விலகுபவருக்கு மட்டும் அனுப்பினால் செல்லாது. பைபேக் எல்லாருக்கும் விகிதப்படி. மற்றவர்கள் தாமாக ஒதுங்கினால்தான் அவருடைய பங்கு முழுதாகக் கழியும். ஆகவே சகோதரர்களின் மனத்தை முன்பே அறிந்துகொள்ளுங்கள். குடும்பம் இரண்டுபட்டிருந்தால் இந்த வழியே வேண்டாம் என்பேன்.

படி 5: பணமும் பதிவும்
அழைப்பு முடிந்ததும் தனி வங்கிக் கணக்கில் பணத்தைப் போட்டு, 15 நாளுக்குள் சரிபார்த்து, அடுத்த 7 நாளில் கொடுத்துவிடுங்கள். வாங்கிய பங்குகளை 7 நாளுக்குள் அழித்து எஸ்.எச்-10 பதிவேட்டில் எழுத வேண்டும். பதிவாளருக்கு எஸ்.எச்-11 அறிக்கை அனுப்ப 30 நாள். அதே வகைப் பங்கைப் புதிதாக வெளியிட ஆறு மாதம் தடை; போனஸ் பங்குக்கு விலக்கு உண்டு. வரிச் சுமை 2024 அக்டோபரில் கம்பெனியிடமிருந்து பங்குதாரருக்கு மாறியது. பணம் கைமாறும் முன் அந்த ஆண்டின் வரி விதியை ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.