கடற்காற்றில் ஓடும் சைக்கிளுக்கு எந்த ஃபிரேம்?

அக்கா மகன் வேலைக்காகச் சேலத்திலிருந்து சென்னைக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. வார இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் ஓட்டுகிறான். மாதம் ஒருமுறை ஊருக்குப் போனால் ஏற்காடு ஏறிவிட்டு வருகிறான். போன ஞாயிறு வீட்டுக்கு வந்தவன் தோசையை ஆறவிட்டுவிட்டு, "மாமா, கார்பன் எடுக்கவா, ஸ்டீல் எடுக்கவா? டைட்டானியம்னா காலத்துக்கும் வருமாமே?" என்று கேட்டான். மூன்றையும் நான் ஓட்டியிருக்கிறேன். 2012-இல் வாங்கிய குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த) ஸ்டீல் இன்னும் வீட்டில் இருக்கிறது. நடுவில் இரண்டு வருடம் கார்பன். இப்போது ஐந்து வருடமாக டைட்டானியம். என் வீடு திருவான்மியூரில், கடலுக்கு நடந்தே போகலாம். அதனால் நான் சொல்வதில் உப்புக்காற்றின் பங்கு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

எந்தப் பொருள் என்று யோசிப்பதற்கு முன் அளவைப் பாருங்கள். ஃபிரேமின் அளவுப் பட்டியலில் ஸ்டாக், ரீச் என்று இரண்டு எண்கள் இருக்கும். பெடல் கம்பிகள் சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து, ஹேண்டில்பார் பொருந்தும் முன்குழாயான ஹெட் டியூபின் மேல்முனை எவ்வளவு உயரத்தில், எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பதுதான் அவை. உங்களுக்கு வலி தராமல் ஓடும் சைக்கிள் ஒன்று ஏற்கனவே இருந்தால் அதன் எண்களோடு ஒப்பிடுங்கள். முதுகு வலிக்கும் டைட்டானியத்தைவிட உடம்புக்குப் பொருந்தும் சாதாரண ஸ்டீல் நூறு மடங்கு மேல்.

அடுத்து டயர் இடைவெளி, அதாவது எவ்வளவு அகலமான டயர் ஃபிரேமுக்குள் நுழையும் என்பது. என் ஸ்டீல் சைக்கிளில் முதலில் 25 மில்லிமீட்டர் டயர் போட்டு, 95 பிஎஸ்ஐ காற்று அடித்து ஓட்டினேன். சாலையில் வரிவரியாகப் போட்டிருக்கும் வெள்ளைத் தடைகளைத் தாண்டும்போதெல்லாம் மணிக்கட்டு அதிரும். அதே ஃபிரேமில் 32 டயர் மாட்டி, காற்றை 60-க்குக் குறைத்தேன். மாமல்லபுரம் போய்த் திரும்பிய பிறகும் கை மரத்துப் போகவில்லை. ஃபிரேமின் பொருளை மாற்றி இந்த அளவு வித்தியாசத்தை நான் உணர்ந்ததே இல்லை. காரணம் எளிது. ஃபிரேம் முக்கோணங்களால் ஆனது, மேலிருந்து கீழாக அழுத்தினால் அது அசைவது மிகக் குறைவு. டயர் மில்லிமீட்டர் கணக்கில் அமுங்கும், சீட்டைத் தாங்கும் கம்பியான சீட் போஸ்ட் கொஞ்சம் வளையும். ஆகவே 32 டயர் நுழையாத ஃபிரேம் என்றால், அது எதில் செய்ததாக இருந்தாலும் நம் சாலைக்கு வேண்டாம் என்றே சொல்வேன்.

'ஸ்டீல் துள்ளும், டைட்டானியம் மெத்தை மாதிரி இருக்கும்' என்ற பேச்சையும் அப்படியே நம்பி வாங்காதீர்கள். டைட்டானியத்தின் விறைப்பு ஸ்டீலில் ஏறக்குறைய பாதிதான். அதனால் அதைச் செய்பவர்கள் குழாயைப் பருமனாக எடுத்துக்கொள்கிறார்கள். சுவரின் கனம் மாறாமல் குழாயின் விட்டம் இரண்டு மடங்கானால் வளைவை எதிர்க்கும் விறைப்பு எட்டு மடங்காகிவிடும். குழாயின் அளவை வைத்தே செய்பவர் எந்த உலோகத்தையும் கல் மாதிரியும் ஆக்கலாம், தொளதொளவென்றும் ஆக்கலாம். கார்பனில் இது இன்னும் அதிகம். இழைகளை எந்தத் திசையில், எத்தனை அடுக்காக வைக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'டோரே டி800' என்ற ஸ்டிக்கர் இழையின் தரத்தை மட்டும் சொல்லும். அடுக்கிய விதத்தை எந்த ஸ்டிக்கரும் சொல்லாது.

சரி, ஸ்டீலுக்கு வருவோம். 'ஹை டென்சில்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது கனமான மலிவு ரகம். '4130 குரோமோலி' என்றோ, ரெனால்ட்ஸ், கொலம்பஸ் என்ற குழாய்ப் பெயர்களோ இருக்க வேண்டும். கூடவே 'டபுள் பட்டட்' என்று இருந்தால் நல்லது. பற்றவைக்கும் முனைகளில் கனமாகவும் நடுவில் மெல்லியதாகவும் இழுத்த குழாய் அது. நகத்தால் டாப் டியூபின் (சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் ஓடும் மேல்குழாய்) நடுவிலும் ஓரத்திலும் சுண்டிப் பாருங்கள், ஒலி மாறும்.

ஸ்டீலின் எதிரி துரு. வெளியே தெரியும் துரு பெரிய விஷயமில்லை. ஆறு வருடம் கழித்து ஒருநாள் என் சீட் போஸ்ட்டை உருவி, உள்ளே விரலை விட்டுத் தடவினேன். காவிப்பொடி விரல் முழுக்க ஒட்டிக்கொண்டு வந்தது. மழைநீர் சீட் போஸ்ட் இடுக்கு வழியாக இறங்கி, பெடல் அச்சு இருக்கும் பாட்டம் பிராக்கெட் கூட்டில் தேங்கியிருக்கிறது. அங்கே அடியில் ஒரு வடிகால் துளை உண்டு. என் சைக்கிளில் அது சேறு அடைத்துக் கிடந்தது. டாப் டியூபின் கீழ்ப்பக்கம் கேபிள் பிடிப்புகளைச் சுற்றி பெயின்ட் கொப்புளம் கட்டியிருந்தது. அது மழையால் வந்ததல்ல, என் வியர்வையின் உப்பு.

அதற்குச் செய்ய வேண்டியது இதுதான். ஃபிரேம் புதிதாக வந்ததும், பாகங்களை மாட்டுவதற்கு முன்பே, பெயின்ட் கடையில் கிடைக்கும் டபுள் பாயில்ட் லின்சீட் ஆயிலை (ஆளி விதை எண்ணெய்) ஒவ்வொரு குழாய்க்குள்ளும் கொஞ்சம் ஊற்றுங்கள். ஃபிரேமை எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிச் சாய்த்து, உள்சுவர் முழுக்கப் படியவிட்டு, மிச்சத்தை வடித்துவிட்டு, இரண்டு மூன்று நாள் காயவையுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்துத் தனியாக விரித்துப் போடுங்கள். அப்புறம் மாதம் ஒருமுறை சீட் போஸ்ட்டை உருவி, துடைத்து, கிரீஸ் தடவி மாட்டுங்கள். அலுமினிய சீட் போஸ்ட் ஸ்டீல் குழாய்க்குள் இறுகிவிட்டால் அதைக் கழற்றுவது பெரும் பாடு.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஸ்டீலைப் பாராட்டவும் வேண்டும். என் ஃபிரேமில் தண்ணீர் பாட்டில் மாட்டும் மரை ஆட்டம் கண்டபோது, பக்கத்துத் தெரு காஸ் வெல்டிங் அண்ணன் சுடரைச் சின்னதாக்கி, பித்தளை வைத்து அரை மணி நேரத்தில் சரிசெய்து கொடுத்தார். "மெல்லிசு குழாய் தம்பி, ஆர்க் வெல்டிங்காரங்ககிட்ட கொடுத்துடாதீங்க" என்றார். அந்த ஒட்டு இன்றும் அப்படியே நிற்கிறது.

கார்பன் துருப்பிடிக்காது. ஓட்டி ஓட்டி அந்தப் பொருளே களைத்து விரிசல் விடுவதும் அபூர்வம். அது அஞ்சுவது பக்கவாட்டில் விழும் அடிக்கும், அளவுக்கு மீறிய இறுக்கத்துக்கும்தான். நீண்டதூர ரைடுக்காக ஆம்னி பஸ் டிக்கியில் சைக்கிளை ஏற்றிப் போன நண்பருக்கு, பக்கத்துச் சைக்கிளின் பெடல் டாப் டியூபில் இடித்தே வந்திருக்கிறது. பெயின்டில் நகக்கீறல் அளவு கோடுதான். ஒரு ரூபாய்க் காசால் மெல்லத் தட்டிக்கொண்டே போனோம். 'டிக் டிக்' என்று தெளிவாக வந்த ஒலி அந்தக் கோட்டுக்கு அருகில் மட்டும் 'தப் தப்' என்று மழுங்கியது. உள்ளே அடுக்கு பிரிந்திருந்தது. தெரிந்தவர்கள் கையில் கார்பனையும் பழுது பார்க்கலாம். அடிபட்ட இடத்தைத் தேய்த்தெடுத்துப் புது அடுக்குகள் ஒட்டுவார்கள். ஆனால் அந்தக் கைகள் எல்லா ஊரிலும் இல்லை. கார்பன் வாங்கினால், எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சையும் சேர்த்தே வாங்குங்கள். சீட் போஸ்ட்டுக்குச் சாதாரண கிரீஸ் வேண்டாம், வழுக்காமல் பிடிக்கும் கார்பன் பேஸ்ட் போடுங்கள். சர்வீஸ் ஸ்டாண்டில் ஃபிரேம் குழாயைக் கவ்வவிடாதீர்கள், சீட் போஸ்ட்டைக் கவ்வட்டும்.

டைட்டானியத்தை உப்பு தொடுவதில்லை. என்னுடையதில் பெயின்டே கிடையாது. கீறல் விழுந்தால் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் ஒரே திசையில் நாலு இழுப்பு, போய்விடும். வாங்கும்போது வெல்டிங்கைப் பாருங்கள். சூட்டில் இருக்கும் டைட்டானியம் காற்றைச் சேர்த்துக்கொண்டால் நொறுங்கும் தன்மை வந்துவிடும். அதனால் உள்ளும் புறமும் ஆர்கான் வாயு காட்டித்தான் பற்றவைப்பார்கள். தையல் வெள்ளியாகவோ இளம் வைக்கோல் நிறத்திலோ இருந்தால் சரி. அடர்நீலமோ சாம்பலோ தெரிந்தால் விலகிவிடுங்கள். விரிசல் வந்தால் தெருமுனை வெல்டிங் கடையில் சரிசெய்ய முடியாது. அலுமினிய போஸ்ட் இதிலும் இறுகும், இறுகாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பேஸ்ட் அவசியம். விலை? நல்ல டைட்டானியம் ஃபிரேம் ஒன்றின் காசில் நடுத்தர கார்பன் சைக்கிள் முழுதாகவே கிடைத்துவிடும்.

எடை பற்றித்தான் அவன் அதிகம் கேட்டான். ஃபிரேம் மட்டும் என்றால் கார்பன் சுமார் 1 கிலோ, டைட்டானியம் ஒன்றரை, நல்ல ஸ்டீல் 2 கிலோ. ஏற்காட்டுக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். அவன் 70 கிலோ, சைக்கிள், தண்ணீர், சாமான் எல்லாம் சேர்த்து 82. அதில் 1 கிலோ கூடினால் நூற்றுக்கு 1.2 பங்கு. அவன் ஏற 100 நிமிடம் எடுத்துக்கொள்கிறான். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கும்போது கூடுவது ஒன்றேகால் நிமிடம்போல. பந்தயத்தில் அது வெற்றி தோல்வி. பந்தயம் ஓடுபவர்கள் கார்பன் வாங்கட்டும், அவர்களுக்கு அதுதான் சரி. இருபது வருடம் ஒரே ஃபிரேம், கடலோர வீடு, கையில் காசு என்றால் டைட்டானியம்.

அவனுக்கு முதல் நல்ல சைக்கிள் இது. மாதாமாதம் பஸ் டிக்கியில் சேலம் போய் வரும். எனவே 32 டயர் நுழையும் குரோமோலி ஃபிரேம், கார்பன் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை), மரையுள்ள பாட்டம் பிராக்கெட், மிஞ்சும் காசுக்கு நல்ல வீலும் டயரும் என்று எழுதிக் கொடுத்தேன். "ஃபிரேம் வந்ததும் எதையும் மாட்டாம நேரா இங்க கொண்டு வா, லின்சீட் ஆயில் என்கிட்ட அரை டப்பா இருக்கு" என்றேன். அவன் தோசையை மறந்துவிட்டு, என் சைக்கிளின் ரீச்சை அளக்க டேப் எங்கே என்று அத்தையிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.