கப்பலேறிப் போனவரைத் தேடுவது எப்படி: காவிரி டெல்டா குடும்பங்களுக்கு

“தாத்தாவோட சித்தப்பா ஒருத்தர் பினாங்குக்குப் போனார், அப்புறம் சேதியே இல்லை.” தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் பல வீடுகளில் இப்படி ஒரு பேச்சு உண்டு. தேட உட்காருகிறவர்கள் முதலில் பெயரைத்தான் இணையத்தில் தட்டுகிறார்கள். ராமசாமி, முனியன், கோவிந்தன் என்று நூற்றுக்கணக்கில் வந்து விழும். தேடல் அங்கேயே நின்றுபோகும். பெயர் கடைசியில் உதவும். முதலில் வேண்டியவை மூன்று: போன காலம், சரியான ஊர், கூடப் போனவர்கள்.

காலத்தைப் பிடிப்பதிலிருந்து தொடங்குங்கள். வீட்டுப் பெரியவர்கள் ஆங்கில வருஷம் சொல்ல மாட்டார்கள். “தாது வருஷம்” என்பார்கள். தமிழ் வருஷப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். தாது என்றால் 1876 சித்திரையில் பிறந்த வருஷமாகவும் இருக்கலாம், 1936-ஆகவும் இருக்கலாம். பஞ்சத்தைச் சேர்த்துச் சொன்னால் 1876. அதுவும் இல்லையென்றால் 1924 காவிரி வெள்ளத்துக்கு முன்பா பின்பா, 1952 கார்த்திகைப் புயலின்போது அவர் ஊரில் இருந்தாரா என்று கேளுங்கள். பத்து வருஷத்துக்குள் அடங்கினாலே போதும்.

காலம் கிடைத்ததும் நாடுகளைக் கழித்துக்கட்டலாம். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் கூலிக் கப்பல் ட்ரூரோ, சென்னையிலிருந்து போய் 1860 நவம்பர் 16-ல் டர்பன் சேர்ந்தது. 1866-ல் ஆள் அனுப்புவது நின்று, 1874-ல் திரும்பத் தொடங்கி, 1911-ல் முடிந்தது. ஆகவே “1870-ல் நேட்டால் போனார்” என்ற கதையில் ஊரோ வருஷமோ தப்பு. பிஜிக்குச் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் போனது 1903 முதல் 1916 வரைதான். பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்கு ஆள் போவதை ஆங்கில அரசு 1882-ல் நிறுத்தியது. மலாயாவில் ஒப்பந்த முறை 1910-ல் ஒழிந்தது. கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி) பிடித்துப் போனதும் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்ததும் அதற்குப் பிறகும் நடந்தன. பயணச் செலவுக்கு உதவி பெற்றுக் கூலிகள் போவதை 1938-ல் இந்திய அரசு தடுத்தது. இன்னொன்று: “பினாங்கு” என்று வீட்டில் சொல்வது பல நேரம் இறங்கிய துறைமுகத்தின் பெயர் மட்டுமே. ஆள் பேராக்கிலோ சிலாங்கூரிலோ தோட்டத்தில் இருந்திருப்பார்.

பரணில் இருப்பதை இறக்கிப் பாருங்கள். பழைய கடிதம் இருந்தால் உள்ளே எழுதியதைவிட உறைமேல் உள்ள தபால் முத்திரை முக்கியம். தோட்டத்துக்குப் பக்கத்து டவுனின் பெயர் அதில் இருக்கும். அந்தப் பெயர் இன்றைய வரைபடத்தில் இல்லாமலும் போகலாம்: தெலுக் ஆன்சன் இன்று தெலுக் இந்தான், போர்ட் ஸ்வெட்டன்ஹாம் இன்று கிள்ளான் துறைமுகம். சீர்ப் பாத்திரங்களின் கழுத்தில் வெட்டிய பெயரில் தகப்பன் முதலெழுத்து இருக்கும். மொய் நோட்டில் எந்த ஊர்ப் பங்காளி எவ்வளவு எழுதினார் என்பது இருக்கும்; மறந்துபோன கிளை அதில்தான் அகப்படும். குலதெய்வக் கோயிலில் மணி, குத்துவிளக்கு, படிக்கல் எல்லாவற்றிலும் உபயம் வாசகத்தைப் படியுங்கள். அக்கரைச் சீமையில் சம்பாதித்தவர் பெயர் பொறித்துக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய எழுத்தைத் தேய்க்காமல் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் வெட்டு தெரியும். கோயில் கணக்குப்பிள்ளையிடம் பழைய தலைக்கட்டு வரி நோட்டு இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

நிலம் இருந்த குடும்பம் என்றால் அடுத்தது சார்பதிவாளர் அலுவலகம். இணையத்தில் வில்லங்கம் பார்த்தால் பெரும்பாலும் 1975-க்குப் பின்னால்தான் வரும். அதற்கு முந்தையதைக் கையால் தேடித் தரச் சொல்லி மனுப் போட வேண்டும். பதிவுச் சட்டப்படி முதல் அட்டவணை ஆள் பெயர் வரிசை, இரண்டாவது சொத்து வரிசை. சர்வே எண் தெரியாவிட்டால் முதல் அட்டவணையைக் கேளுங்கள்; கட்டணம் கட்டினால் யாரும் பார்க்கலாம். எந்தக் கிராமம் அப்போது எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருந்தது என்பதை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள், எல்லைகள் மாறியிருக்கின்றன. தேடவேண்டியது அவர் வாங்கிய பத்திரத்தை மட்டுமல்ல. அண்ணன் தம்பிகள் பாகப்பிரிவினை செய்தபோது அவர் பங்கை என்ன செய்தார்கள், அவர் விடுதலைப் பத்திரமோ (தன் பங்கை விட்டுக்கொடுப்பது) பவரோ எழுதினாரா என்று பாருங்கள். அப்படிப்பட்ட பத்திரத்தில் வெளிநாட்டு விலாசம் இருக்க வாய்ப்பு அதிகம்.

பண்ணையாள் குடும்பமாக இருந்தால் இந்த வழி அடைபட்டது. கிராம நிலக் கணக்குகளான ‘அ’ பதிவேட்டிலும் அடங்கலிலும் நிலமில்லாதவர் பெயர் வராது. கப்பலேறியவர்களில் இவர்கள் பெருங்கூட்டம் என்பதால்தான் உள்ளூர் ஆவணம் இவ்வளவு வறட்சி. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் பங்குக் கோயிலின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடு இருக்கிறது. மற்றவர்களுக்கு வெளிநாட்டுப் பட்டியல்தான் முதல் எழுத்துச் சான்று.

அந்தப் பட்டியல்கள் ஆச்சரியப்படும் அளவுக்கு விவரமானவை. நேட்டால் கப்பல் பட்டியலில் ஆளுக்கு ஒரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு மச்சம் வரை உண்டு. பிஜிக்குப் போனவர்களின் எமிக்ரேஷன் பாஸ்களும் (கப்பலேறும்போது ஆளுக்கு ஒன்றாக எழுதிய அனுமதிச் சீட்டு) ஏறக்குறைய இதே மாதிரி. மொரீஷஸ் பதிவேடுகள் அந்நாட்டின் மோகாவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. 1860-களுக்குப் பிறகு வந்த பலருக்குப் புகைப்படமே கிடைக்கும். பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த காரைக்காலில் ஏறி ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் போனவர்களை ஆங்கிலப் பதிவேட்டில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். பிரெஞ்சு அரசின் கடல்கடந்த ஆவணக் காப்பகத் தளத்தில் அந்தத் தீவுகளின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளை இலவசமாகப் பார்க்கலாம். பிறந்த ஊர் காரைக்கால் என்று இருந்தால் அப்படியே நம்ப வேண்டாம், அது ஏறிய துறையாகவும் இருக்கலாம். மலாயாதான் கஷ்டம்: சொந்தக் காசில் போனவருக்குப் பட்டியல் கிடைப்பது அபூர்வம். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள் தளத்தில் தோட்டப் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

ஊர்ப்பெயரை எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார். சீர்காழி ஷியாலி ஆனது, திருவையாறு திருவாடி ஆனது, தரங்கம்பாடி ட்ராங்கேபார். ழகரம் எல் ஆகும், ஒய் ஆகும், ஆர் ஆகும். ஜில்லா கட்டத்தைத் தவறவிடாதீர்கள்: ஆலங்குடி புதுக்கோட்டையிலும் உண்டு, வலங்கைமான் பக்கமும் உண்டு. நாகப்பட்டினம் தனி மாவட்டமானது 1991-ல்தான். அதற்கு முன் எல்லாம் தஞ்சாவூர் ஜில்லா. பெயரைத் தேடும்போது உயிரெழுத்தை விட்டு மெய்யெழுத்துகளை மட்டும் போட்டு, விட்ட எழுத்துக்குப் பதிலாக நடுவில் நட்சத்திரக் குறி (*) வையுங்கள். ஆறுமுகம் ‘ஆர்முகம்’ ஆகி, அடுத்த தலைமுறையில் குடும்பப் பெயராகவே நின்றிருக்கும்.

பொருந்துகிற ஒருவர் கிடைத்தால் அவர் எண்ணோடு நிறுத்தாமல் முன்னும் பின்னும் இருபது எண்களைப் படியுங்கள். ஒரே ஊர்க்காரர்கள், அண்ணன் தம்பி, மாமன் மச்சான் அடுத்தடுத்துப் பதிந்திருப்பார்கள். வீட்டில் சொன்ன “கூடப் போன காத்தான்” இரண்டு எண் தள்ளி நின்றால் அது பெயர் ஒற்றுமையைவிடப் பலமான சான்று. பெண்களைத் தேடும்போது தகப்பன் பெயர், புருஷன் பெயர் இரண்டின் கீழும் பாருங்கள். வயதை ஐந்து வருஷம் கூட்டியும் குறைத்தும் வைத்துக்கொள்ளுங்கள். சாதிக் கட்டம் இடித்தால் மட்டும் ஆளைத் தள்ளிவிடாதீர்கள், டிப்போவில் (கப்பலேறுமுன் கூலிகளைத் தங்கவைத்த முகாம்) மாற்றிச் சொன்னவர்கள் உண்டு.

தகப்பன் பெயர், கிராமம், காலம், கூட வந்தவர் ஆகிய நான்கில் குறைந்தது மூன்று ஒத்துப்போனால்தான் உறவு கொண்டாடலாம். அந்தப் பக்கத்து வாரிசுகள் கிடைத்தால் அவர்கள் கும்பிடும் குலதெய்வம் எது என்று முதலில் கேளுங்கள். உங்கள் சாமியின் பெயரை நீங்களாக எடுத்துக் கொடுக்காதீர்கள். ஒத்துவராத எண்களையும் காரணத்தோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து உங்கள் அண்ணன் மகன் அதே ராமசாமியைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்து நிற்பான்.