கருத்தரங்கிலிருந்து நாளைய நிலவரத்தைக் கணிப்பது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு செய்முறை

கிருஷ்ணகிரியில் டூவீலர் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருநாள் கேட்டார்: "அண்ணா, பையனை எதுல சேர்க்கிறது? இன்ஜின் வேலையா, பேட்டரி வேலையா?" ஓசூரில் டிவிஎஸ், ஏத்தர் ஆலைகளும் போச்சம்பள்ளி பக்கம் ஓலா ஆலையும் இருக்கிற மாவட்டத்தில் இது ஒரு குடும்பத்தின் பிழைப்புக் கேள்வி. கருத்தரங்குகளுக்கு நான் நிறையப் போயிருக்கிறேன். "இனி எல்லாம் மின்சார வண்டிதான்" என்று மேடையில் கேட்ட வரியை அவரிடம் சொன்னால் போதாது. எப்போது, எவ்வளவு என்று தெரிந்தால்தான் அவர் முடிவெடுக்க முடியும். அதற்காக நாங்களே ஒரு சிறு கருத்தரங்கு நடத்தினோம். அதை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். பத்து நாற்காலியும் ஒரு மாலை நேரமும் இருந்தால் உங்கள் ஊரிலும் செய்யலாம்.

முதல் படி: கேள்வியை எண்ணிப் பார்க்கும்படி அமையுங்கள்

"மின்சார வண்டி பெருகுமா?" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். நாங்கள் கேட்டது இது: "2030 ஜனவரி முதல் ஞாயிறு காலை 10 மணிக்கு உழவர் சந்தை வாசலில் நிற்கும் 100 டூவீலரில் எத்தனை மின்சார வண்டி இருக்கும்?" மின்சார வண்டிக்கு நம்பர் பிளேட் பச்சை நிறம் என்பதால் எண்ணுவது சுலபம். ஆனால் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத சிறிய ஸ்கூட்டர்களுக்குப் பதிவே தேவையில்லை, அவற்றில் நம்பர் பிளேட் இருக்காது. அவற்றைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் பின்னால் சண்டை வரும்.

கூட்டத்துக்கு முன் ஒரு ஞாயிறு போய் இன்றைய நிலவரத்தையும் எண்ணிவிடுங்கள். எங்கள் ஊர்க் கணக்கு உங்களுக்கு உதவாது, நீங்களே எண்ண வேண்டும்.

இரண்டாம் படி: ஆட்களைப் பல திசையிலிருந்து அழையுங்கள்

பொறியியல் கல்லூரி ஆசிரியர் ஒருவர் போதும். மற்றபடி பட்டறைக்காரர், ஷோரூம் விற்பனையாளர், வண்டிக் கடன் பார்க்கும் வங்கி ஊழியர், மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், அஞ்செட்டி மலைப் பாதையில் கேன் கட்டிப் போகும் பால்காரர் என்று சேருங்கள். பாரத்தோடு மேடு ஏறினால் சார்ஜ் எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதை அந்தப் பால்காரர் சொன்ன பிறகுதான் எங்கள் கூட்டத்தில் அந்தப் பேச்சே வந்தது.

புகழைப் பார்த்து ஆள் தேடாதீர்கள். அமெரிக்க உளவியலாளர் ஃபிலிப் டெட்லாக் 284 வல்லுநர்களின் கணிப்புகளைப் பல ஆண்டுகள் சேகரித்துச் சரிபார்த்தார். ஊடகங்களில் அதிகம் பேசப்பட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகக் கணிக்கவில்லை. ஒரே பெரிய கருத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் அதற்குள் அடக்கியவர்களைவிட, பல பக்கமும் பார்த்துத் தயங்கித் தயங்கிச் சொன்னவர்களே மேல்.

மூன்றாம் படி: பேசுவதற்கு முன் எழுத வையுங்கள்

மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள். முதல் முறை நான் ஆசிரியரை முதலில் பேச விட்டுவிட்டேன். அவர் 60 என்றார். அடுத்து வந்தவர்கள் எல்லாரும் 55, 60, 65 என்றே சொன்னார்கள். பெரியவர் சொன்ன பிறகு அவர் முகத்துக்கு நேரே மறுத்துப் பேச நம் ஊரில் யாருக்கும் வாய் வராது. அந்த மாலை வீணாகிவிட்டது, வருத்தமாக இருந்தது.

இந்தச் சிக்கலுக்கு வழி முன்பே இருக்கிறது. 1950களில் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் ஓலாஃப் ஹெல்மர், நார்மன் டால்கி ஆகியோர் உருவாக்கிய டெல்ஃபி முறை அது. ஜப்பான் 1971 முதல் இந்த முறையில் தேசிய அளவில் தொழில்நுட்பக் கணிப்பு நடத்தி வருகிறது.

அதை நம் கூட்டத்தில் எளிமையாக இப்படிச் செய்யலாம். ஆளுக்கு ஒரு துண்டுச்சீட்டு கொடுங்கள். பெயர் எழுத வேண்டாம். குறைந்தபட்சம், அதிகபட்சம், நடுவாக ஒன்று என மூன்று எண்களும், கீழே ஒரு வரியில் காரணமும் எழுதச் சொல்லுங்கள். சீட்டுகளை வாங்கி, நடு எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கிப் பலகையில் எழுதுங்கள். இரு ஓரத்திலும் நிற்கும் எண்களுக்கான காரணங்களை நீங்களே படித்துக் காட்டுங்கள், யார் எழுதியது என்று கேட்காதீர்கள். அப்புறம் டீ கொடுத்துவிட்டு மறுபடி எழுத வையுங்கள். இரண்டு சுற்று போதும், மிஞ்சினால் மூன்று. வரிசையின் நடுவில் நிற்கும் எண்தான் கூட்டத்தின் கணிப்பு. எண்கள் ஒன்றுகூடாமல் சிதறி நின்றால் அதையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு இரண்டாவது கூட்டத்தில் அப்படித்தான் நின்றது.

நான்காம் படி: "எது நடந்தால் உங்கள் எண் மாறும்?"

பேச்சு இப்போதுதான் தொடங்க வேண்டும். பேட்டரி விலை, பழைய மின்சார வண்டிக்குக் கிடைக்கும் மறுவிற்பனை விலை, வாடகை வீட்டில் சார்ஜ் போட வீட்டுக்காரர் விடுவாரா என்பதெல்லாம் வரும். மானியம் கட்டாயம் வரும். 2023 ஜூனில் மத்திய அரசு மின்சார டூவீலருக்கான மானிய வரம்பை வண்டி விலையில் 40 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறைத்தது. அந்த மாதமே விற்பனை சட்டென்று விழுந்தது. இப்படிப்பட்ட நான்கைந்து அறிகுறிகளைத் தனியாக எழுதி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

ராய் அமரா என்ற அமெரிக்க எதிர்காலவியலாளர் சொன்னதையும் நினைவில் வையுங்கள்: ஒரு தொழில்நுட்பத்தின் விளைவைக் குறுகிய காலத்தில் அதிகமாகவும், நீண்ட காலத்தில் குறைவாகவும் மதிப்பிடுவது மனித வழக்கம்.

ஐந்தாம் படி: தேதி போட்டுச் சரிபாருங்கள்

அடுத்த ஆண்டுக்கும் ஒரு சிறு கேள்வி வையுங்கள், நான்கைந்து வருடம் காத்திருக்க முடியாது. "வரும் ஜனவரியில் 100க்கு 15ஐத் தாண்டுமா?" என்று கேட்டு, எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று வாங்குங்கள். நடந்தால் 1, நடக்காவிட்டால் 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 70 சதவீதம், அதாவது 0.7 என்று சொல்லி, அது நடந்தால் இடைவெளி 0.3, அதன் வர்க்கம் 0.09. நடக்காவிட்டால் 0.7இன் வர்க்கம் 0.49. இந்த வர்க்கம்தான் அவருடைய மதிப்பெண். மதிப்பெண் குறைந்தவரே நன்றாகக் கணிப்பவர். 1950இல் கிளென் பிரையர் வானிலைக் கணிப்புகளுக்காகக் கொண்டுவந்த கணக்கு இது.

பட்டறை நண்பரிடம் நாங்கள் சிதறி நின்ற எண்களையே காட்டினோம். மிகக் குறைந்த எண்ணைச் சொன்னவரும் மிக அதிக எண்ணைச் சொன்னவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: இன்று ஓடும் பெட்ரோல் வண்டிகளுக்கு இன்னும் பல ஆண்டுகள் பழுது பார்க்க ஆள் வேண்டும், வயரிங் தெரிந்தவருக்கு இரண்டு பக்கமும் வேலை உண்டு. பையன் இப்போது ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படிக்கிறான், சனி ஞாயிறு அப்பாவின் பட்டறையில் இருக்கிறான். ஜனவரி முதல் ஞாயிறு உழவர் சந்தை வாசலில் எண்ணப்போவதும் அவன்தான். மழை பெய்தால் அடுத்த ஞாயிறு.