வீட்டிலேயே கயாக் ரேக் செய்பவர்கள் சறுக்கும் இடங்கள்

நாலு கட்டை, ஒரு டப்பா ஸ்க்ரூ, ஒரு விடுமுறை நாள். கயாக் என்னும் குறுகிய துடுப்புப் படகை வைக்க ரேக் செய்ய இவ்வளவு போதும் என்று தோன்றும். பெரும்பாலும் உண்மையும் அதுதான். கடையில் விற்கிற ரேக் செய்யும் வேலையை, மிச்சம் கிடந்த கட்டைகளில் அடித்த ரேக்கும் செய்துவிடும். மலிவு ரேக்கில் வரும் சேதமோ யாரும் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து வருகிறது. ரேக் முறிந்து படகு கீழே விழுவது அபூர்வம். ரேக் ஆடாமல் அசையாமல் நிற்கும். அதில் ஒரு கோடைக்காலம் முழுக்கக் கிடந்த கயாக்கின் அடிப்பக்கம் மட்டும் இரண்டு இடத்தில் குழிந்து போயிருக்கும். அப்புறம் தண்ணீரில் இறக்கினால் நேராகப் போக அடம்பிடிக்கும்.

எனவே கட்டை வாங்குவதற்கு முன்னால் தீர்மானிக்க வேண்டியது ஒன்றுதான்: படகு எந்த நிலையில், எந்த இரண்டு இடங்களில் தாங்கப்படப் போகிறது? இதை முடிவு செய்யாமல் ரம்பத்தை எடுப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து பிறப்பவை.

நிமிர்த்தி வைப்பது

தண்ணீரில் எப்படி மிதக்கிறதோ அப்படியே, அடிப்பக்கம் கீழே இருக்கும்படி, இரண்டு நேர்க்கட்டைகள் மேல் வைத்துவிடுவார்கள். பார்க்க இயல்பாக இருக்கும். பிளாஸ்டிக் கயாக்குக்கு இதைவிடக் கெடுதல் கொஞ்சம்தான் இருக்கிறது.

பொழுதுபோக்குக்கு ஓட்டும் கயாக்குகளில் பெரும்பாலானவை சுழல் அச்சில் வார்த்த பாலிஎத்திலீன். பாறையில் மோதினாலும் உடையாது, உரசினால் கோடு விழும், அவ்வளவுதான். திடீர் அடியை வாங்கிக்கொள்ளும் இந்தப் பிளாஸ்டிக், ஓயாத சின்ன அழுத்தத்துக்கு மட்டும் மெல்ல மெல்ல இடம் கொடுத்துவிடும். வெப்பம் ஏற ஏற அது இன்னும் வேகமாக நடக்கும். ஒரு வாரத்தில் ஒன்றும் தெரியாது. சில மாதம் கழித்துத் தடவிப் பார்த்தால் கட்டை இருந்த இடம் கைக்குத் தட்டுப்படும்.

உங்கள் படகில் எது பலமான இடம் என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். படகைக் கவிழ்த்துப் போட்டுக் கட்டைவிரலால் அங்கங்கே அழுத்திப் பாருங்கள். அடிப்பக்கத்தின் நடுவே, தட்டையாக அகன்ற பகுதியில், விரல் அழுத்தினால் 'டப்' என்று உள்ளே போய் வெளியே வரும். அப்படியே விரலை நகர்த்தி, அடிப்பக்கம் வளைந்து பக்கவாட்டுச் சுவராக ஏறும் விளிம்புக்கு வந்தால் அசையாது. பிறகு விரல் கணுவால் நீளவாட்டில் தட்டிக்கொண்டே போனால், வெற்றுச் சத்தம் ஓரிடத்தில் கெட்டிச் சத்தமாக மாறும். உள்ளே குறுக்குத் தடுப்புச் சுவர் இருக்கும் இடம் அது. காக்பிட்டுக்குள், அதாவது ஓட்டுபவர் உட்காரும் திறப்புக்குள், கையை விட்டு இருக்கைக்குப் பின்னால் துழாவினாலும் அந்தச் சுவர் கிடைக்கும். அந்தத் தடுப்பும் அந்த விளிம்பும் சந்திக்கும் இடத்தில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டுவிடுங்கள். ரேக்கின் கைகள் வர வேண்டிய இடம் அதுதான்.

ஆக, படகைப் பக்கவாட்டில், ஒருக்களித்து வைப்பது நல்லது. இடமும் மிச்சம்: 75 செ.மீ. அகலமுள்ள கயாக் ஒருக்களித்தால் 40 செ.மீ. அளவில் அடங்கிவிடும். இல்லாவிட்டால் கவிழ்த்து வைக்கலாம். மேலே உட்கார்ந்து ஓட்டும் வகைப் படகுகளுக்குக் கவிழ்ப்பதே வசதி. நிமிர்த்தித்தான் வைப்பேன் என்றால், அடிப்பக்கத்தின் வளைவுக்கு ஏற்பச் செதுக்கிய அகலமான தாங்கி வேண்டும். நேர்க்கட்டை உதவாது.

ஃபைபர்கிளாஸ் படகு இப்படிக் குழியாது. ஆனால் சின்ன இடத்தில் எடை முழுதும் குவிந்தால் மேல்பூச்சில் விரிசல் விடும். அதற்கும் தாங்கும் பரப்பு அகலமாக இருக்க வேண்டும். காற்றடைக்கும் கயாக் வைத்திருப்பவர்கள் ரேக் செய்யும் சிரமமே பட வேண்டாம். நன்றாகக் காயவைத்துத் தளர்வாகச் சுருட்டி வையுங்கள்.

கட்டையின் நீளத்துக்குப் படகைப் பொருத்துவது

கையில் 1.2 மீட்டர் கட்டை இருக்கிறது, அதனால் தாங்கிகளும் 1.2 மீட்டர் இடைவெளியில். இப்படித்தான் பல ரேக்குகள் பிறக்கின்றன. இரண்டு முனைகளும் தொங்கி, நடுப்பகுதி மேலே எழும்பும். நேர்மாறாக, தாங்கிகளை முனைகளுக்கு அருகே கொண்டுபோனால் நடு தொய்யும். முனையிலிருக்கும் கைப்பிடிகளில் கயிறு கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுவது இந்தத் தவறின் உச்சம். அந்தக் கைப்பிடி படகைத் தூக்கி நடக்க வைத்தது. மாதக்கணக்கில் தொங்கினால் படகு வில்லாக வளையும்.

தடுப்புச் சுவர் உள்ள படகுக்கு அந்தச் சுவர்களே கணக்கு. இல்லாத படகுக்கு, ஒவ்வொரு முனையிலிருந்தும் மொத்த நீளத்தில் கால் பங்கு தள்ளி ஒரு தாங்கி. 4.2 மீட்டர் கயாக் என்றால் முனையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர். தாங்கிகளுக்கு நடுவே இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒரே ரேக்கில் குட்டையும் நெட்டையுமாக இரண்டு படகுகள் வைப்பதானால், இரண்டுக்கும் பொதுவாக ஒரு சராசரி எடுக்காதீர்கள். நெட்டையானதற்கு இடைவெளியைச் சரிபார்த்து, குட்டைப் படகின் தட்டில் மட்டும் கைகளுக்குக் குறுக்கே ஒரு பலகை போட்டுத் தாங்கியை உள்ளே இழுத்துக்கொள்ளலாம்.

கை ஒடிவது கட்டையால் அல்ல, மூட்டால்

தூணிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கை. அதன் மேல் படகு. பலரும் இதில் கட்டையின் தடிமனைப் பற்றிக் கவலைப்படுவார்கள். கட்டை தாங்கும். தூணும் கையும் சேரும் மூட்டைத்தான் பார்க்க வேண்டும்.

25 கிலோ படகு, இரண்டு கைகள். ஒரு கைக்கு 12.5 கிலோ. எடையின் மையம் தூணிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். கையைத் தூணோடு பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே 6 செ.மீ. இடைவெளி. நெம்புகோல் கணக்கில் ஒவ்வொரு போல்ட்டும் 60 கிலோவுக்கு மேல் இழுபடும். 12.5 கிலோ என்று நினைத்து அடித்த ஸ்க்ரூ ஏன் பிடுங்கிக்கொண்டு வருகிறது என்பது இப்போது புரியும். அதே கைக்கு, 30 செ.மீ. கீழே தூணிலிருந்து கிளம்பி எடையின் அடியில் போய்ச் சேரும் ஒரு சாய்வு முட்டு கொடுத்தால், மேல் மூட்டின் இழுவிசை 12.5 கிலோ அளவுக்கு இறங்கிவிடும். வெட்டி எறிந்த துண்டுக் கட்டையே இந்த முட்டுக்குப் போதும். என்னைக் கேட்டால், முட்டு இல்லாத கை எதிலும் படகை வைக்கவே கூடாது.

கட்டையைப் படுக்கவைத்து அடிப்பதும் இதே குடும்பத்துத் தவறுதான். 38 மி.மீ. தடிமன், 89 மி.மீ. அகலம் உள்ள சட்டத்தைப் படுக்கையாக வைப்பதைவிட, விளிம்பில் நிறுத்தி வைத்தால் ஐந்தரை மடங்கு விறைப்பு கிடைக்கும். காசு செலவில்லாமல் கிடைக்கும் பலம் இது. படகு படும் மேல்விளிம்பு கூராக இருக்கிறதே என்றால் அதற்கு ஃபோம் இருக்கிறது.

ஸ்க்ரூ விஷயத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஜிப்சம் பலகைக்கு அடிக்கும் கறுப்பு ஸ்க்ரூ கடினமானது, ஆனால் நொறுங்கும் தன்மை உள்ளது. பக்கவாட்டுச் சுமை வந்தால் தலை 'டிக்' என்று தெறித்துவிடும். எடை தாங்கும் மூட்டுகளுக்கு 10 மி.மீ. போல்ட், இரண்டு பக்கமும் வாஷர். கட்டையின் வெட்டுமுகத்தில், நார் ஓடும் திசையிலேயே, ஸ்க்ரூவை இறக்கினால் பிடிப்பு மிகக் குறைவு. வெளியில் வைக்கும் ரேக்குக்குப் பூச்சி அரிக்காமல் பதப்படுத்திய கட்டை எடுத்தீர்களானால், அந்தப் பதப்படுத்தும் மருந்தில் பெரும்பாலும் செம்பு இருக்கும். சாதாரண இரும்பு ஆணியை அது தின்றுவிடும். துத்தநாகம் தடிமனாகப் பூசியதோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ வேண்டும்.

தனியாக நிற்கும் ரேக்குக்கு இன்னும் இரண்டு வினை உண்டு. ஒன்று, நாலு மூலையும் நேராக அடித்த சட்டம், பக்கவாட்டில் தள்ளினால் சாய்ந்து மடங்கும். ஒரு மூலைவிட்டக் கட்டையோ, மூலைகளில் முக்கோணப் பிளைவுட் துண்டுகளோ அதை நிறுத்தும். இரண்டு, கவிழ்வது. ரேக்கின் கால் நுனி, கையின் நுனியைவிட வெளியே நீண்டிருக்க வேண்டும். இருபுறமும் கை உள்ள ரேக்கில் ஒரு பக்கம் மட்டும் மூன்று படகை ஏற்றிவிட்டு மறுபக்கம் காலியாக விடுவார்கள். மேல் தட்டை முதலில் நிரப்புவார்கள். இரண்டுமே வேண்டாம். கனமான படகு எப்போதும் கீழ்த் தட்டில். 40 கிலோ இரட்டையர் கயாக்கைத் தோளுக்கு மேலே தூக்கி வைக்க வேண்டிய ரேக்கை, இரண்டாவது தடவைக்குப் பிறகு யாரும் பயன்படுத்தப் போவதில்லை.

பிவிசி பைப் ஆசை

லேசு, விலை குறைவு, ரம்பம் போட்டால் ஐந்து நிமிடத்தில் வெட்டிவிடலாம். ஆசை வருவது நியாயம்தான். ஆனால் அது தண்ணீர் ஓடச் செய்த பைப், தூணாக நிற்கச் செய்ததல்ல. சூட்டில் அது எவ்வளவு தளர்கிறது என்பதற்கு ஒரு கணக்கு: 60 டிகிரி செல்சியஸில் பிவிசி பைப் தாங்கும் நீர் அழுத்தம், அறை வெப்பத்தில் தாங்குவதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. வெயில் நேராகப் படும் இடத்தில் நாளடைவில் நொறுங்கும் தன்மையும் வந்துவிடும். உள்ளே மணல் நிரப்பினால் பலமாகும் என்று சொல்வார்கள்; எடைதான் கூடும். மூட்டுகளைப் பசை போடாமல் செருகி மட்டும் வைத்தால், படகை ஏற்றும்போது கை தானாகத் திரும்பிக்கொள்ளும்.

நிழலில், தரையோடு ஒட்டி, லேசான ஒரு படகுக்கு, பசை போட்டு ஒட்டிய 2 அங்குலப் பைப் தாங்கி போதும். அடுக்கடுக்காக மூன்று படகுக்கு வேண்டாம்.

பழைய சரக்குப் பலகைத் தட்டுகளைப் பிரித்துக் கட்டை எடுப்பவர்கள், அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். 'எச்டி' (HT) என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது. 'எம்பி' (MB) என்றால் மெத்தில் புரோமைடு புகையூட்டியது. அதை எடுத்து வெட்டி இழைக்க வேண்டாம்.

மெத்தை, பட்டை, கயிறு

பழைய கம்பளத்தைச் சுற்றிவிடுவார்கள். மெத்தென்று இருக்கும், ஆனால் ஈரத்தைப் பிடித்து வைக்கும். படகிலிருந்து உதிரும் மணல் அதன் இழைகளுக்குள் புகுந்து உப்புத்தாள் வேலை செய்யும். ஸ்பாஞ்ச் தண்ணீரைக் குடித்துப் பூஞ்சை பிடிக்கும். தண்ணீர் புகாத ஃபோம்தான் சரி: குழாய்களுக்கு உறை போடும் ஃபோமோ, நீச்சல் குளத்தில் பிடித்து மிதக்கும் ஃபோம் குழலோ. குழலை நீளவாக்கில் ஒரு கீறு கீறினால் கட்டை மேல் கவ்விக்கொள்ளும். வெளியில் இருந்தால் அதுவும் வெயிலில் பொடியும், மாற்ற வேண்டியதுதான்.

கூரையிலிருந்து பட்டையில் தொங்கவிடலாம், தவறில்லை. பட்டை 5 செ.மீ. அகலமாவது இருக்கட்டும். நைலான் ஈரமானால் நீளும். பாலியஸ்டர் அவ்வளவு நீளாது. கொக்கி கூரையின் உத்திரக் கட்டையில் ஏற வேண்டும். ஜிப்சம் பலகையிலோ வெறும் பூச்சிலோ ஏறிய கொக்கி, இன்றோ நாளையோ படகோடு சேர்ந்து இறங்கிவிடும். சுவரில் மாட்டும் ரேக்குக்கும் இதே பேச்சுதான்: பூச்சைத் தாண்டி, செங்கல்லிலோ மரச்சட்டத்திலோ பிடிக்க வேண்டும்.

ரேக்கில் வைத்தபின் ரேச்செட் பட்டையால், அதாவது நெம்பி முறுக்கும் பட்டையால், கிறுகிறுவென்று இறுக்குபவர்கள் இருக்கிறார்கள். படகு எங்கும் ஓடப் போவதில்லை. கையால் இழுத்துப் பிடிக்கும் சாதாரணப் பக்கிள் பட்டை, காற்றுக்குப் பறக்காத அளவு இறுக்கம், போதும்.

வெளியில் வைப்பவர்களுக்கு

தார்ப்பாயைப் படகின் மேலேயே போர்த்திக் கட்டினால் வெயில் மறையும். அடியில் சூடும் ஈரமும் தங்கும். ரேக்கின் உச்சியில் இரண்டு குச்சி கட்டித் தார்ப்பாயைக் கூரையாக, படகில் படாமல் நிறுத்துங்கள். மரக்கால்களை மண்ணில் நேராக ஊன்றாமல் கான்கிரீட் பலகை மேல் நிறுத்துங்கள்.

கைகளின் நுனி சற்றே மேல்நோக்கி, 5 முதல் 10 டிகிரி, இருந்தால் படகு தானாக உருண்டு வராது. ஒருக்களித்து வைக்கும்போது காக்பிட் தூணைப் பார்த்து இருக்கட்டும். இந்தச் சாய்வில் திறப்பு கொஞ்சம் கீழ்நோக்கித் திரும்பும், மழைத் தண்ணீர் தேங்காது. நிமிர்ந்து கிடக்கும் படகில் 50 லிட்டர் தேங்கினால் 50 கிலோ. நீங்கள் போட்ட கணக்கெல்லாம் அந்த ஒரு மழையில் போய்விடும். வடிகால் மூடியைத் திறந்து வையுங்கள். ஹேட்ச் (சாமான் வைக்கும் அறை) மூடிகளை முழுக்க அழுத்தி அடைக்காதீர்கள், உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து தடுப்புச் சுவர்கள் ஒட்டிய இடத்தை நெம்பும். காக்பிட்டுக்கு மட்டும் ஒரு வலை கட்டினால் எலியும் குளவியும் குடியேறாது.

அளவு எடுக்கும்போது படகின் அகலத்தோடு, அதை வெளியே எடுக்கத் தேவையான இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நுனி தூக்கிய கையைத் தாண்டிப் படகு ஏறி இறங்க, மேல் தட்டுக்கும் கீழ்ப் படகுக்கும் நடுவே ஒரு சாண் காலியிடமாவது வேண்டும்.

ஏற்கெனவே குழி விழுந்த பிளாஸ்டிக் படகா? தூக்கி எறிய வேண்டாம். நல்ல வெயிலில் குழி விழுந்த பக்கம் மேலே இருக்கும்படி சில மணி நேரம் கிடத்துங்கள். பல சமயம் தானாகவே எழும்பிவிடும். எழும்பாவிட்டால் அந்த இடத்தில் சூடான தண்ணீர் ஊற்றி, உள்ளிருந்து துணி சுற்றிய கட்டையால் முட்டுக்கொடுங்கள். நெருப்பை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். படகு நன்றாக ஆறி இறுகும்வரை அந்தக் கட்டையை எடுக்காமல் விட்டு, பிறகு ரேக்கின் தாங்கியை அந்த இடத்திலிருந்து நகர்த்தி வையுங்கள்.