முன் ஷாக் மாற்றுவது எப்படி: வீட்டில் செய்யும் வேலை எது, பட்டறைக்குப் போகும் வேலை எது

வேகத்தடையில் ஏறி இறங்கிய பிறகும் வண்டியின் முன்பக்கம் இரண்டு மூன்று முறை குதிக்கிறதா? பிரேக் மிதித்தால் மூக்கு சட்டென்று குனிகிறதா? முன் டயரைத் தடவிப் பார்த்தால் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்படுகிறதா? முன் ஷாக்குகள் ஓய்ந்துபோனதற்கான அடையாளங்கள் இவை.

ஸ்விஃப்ட், வேகன் ஆர், ஐ10 என்று நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான சிறிய கார்களில் முன்பக்கம் இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய காயில் ஸ்பிரிங்கும் ஒரே தூணாகச் சேர்ந்து, மேலே பாடியிலும் கீழே சக்கரத்தைத் தாங்கும் நக்கிளிலும் பூட்டப்பட்டிருக்கும். இந்தத் தூணைக் கழற்றி மாட்டுவது, ஸ்பேனர் பிடிக்கப் பழகியவர் வீட்டு வாசலிலேயே ஒரு நாளில் முடிக்கக்கூடிய வேலை. ஸ்பிரிங்கை அமுக்கி ஷாக்கைத் தனியாகப் பிரிக்கும் கட்டம் மட்டும் அப்படியல்ல. அதைப் பட்டறையில் கொடுத்துச் செய்வதே சரி என்பது என் உறுதியான கருத்து.

ஷாக்தான் பிரச்சினையா?

பொருள் வாங்கும் முன் இதை உறுதி செய்யுங்கள். குண்டும் குழியுமான தெருவில் மெதுவாகப் போகும்போது "டக் டக்" என்று சத்தம் மட்டும் வந்தால், பல நேரம் குற்றவாளி ஷாக் அல்ல, ஷாக்கையும் ஸ்டெபிலைசர் பாரையும் இணைக்கும் சிறு கம்பியான லிங்க் ராடு. அது விலை குறைந்த பொருள், மாற்றுவதும் சுலபம். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது "டங்" என்று ஸ்பிரிங் துள்ளும் சத்தம் வந்தால், தூணின் உச்சியைப் பாடியோடு பிடிக்கும் மேல் மவுண்டையும் அதன் பேரிங்கையும் சந்தேகப்படுங்கள். ஷாக் உடம்பில் எண்ணெய் வழிந்து புழுதி அப்பியிருந்தால் மட்டும் யோசிக்கவே வேண்டாம், ஷாக் போய்விட்டது.

ஒரு பக்கம் மட்டும் கசிந்தாலும் முன்பக்க இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றிருந்தால் பிரேக் போடும்போதும் வளைவிலும் வண்டி இரு பக்கமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது.

வாங்க வேண்டியவை

இடது, வலது ஷாக்குகள் பெரும்பாலும் வெவ்வேறாக இருக்கும். பிரேக் ஹோஸைப் பிடிக்கும் பிராக்கெட் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். கேப்ரியல், மன்ரோ போன்ற நிறுவனங்களின் ஷாக்குகளும், கார் நிறுவனத்தின் சொந்த உதிரிபாகங்களும் கடைகளில் கிடைக்கும். கூடவே மேல் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப்பர் (ஷாக் முழுதாக அமுங்கும்போது இடியைத் தாங்கும் ரப்பர்), டஸ்ட் கவர் (தண்டைப் புழுதியிலிருந்து காக்கும் உறை) நான்கையும் புதிதாக வாங்கிவிடுங்கள். இங்கே காசு மிச்சம் பிடித்தால் ஆறு மாதத்தில் மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டி வரும்.

கருவிகளில் ராட்செட், சாக்கெட் செட், ரிங் ஸ்பேனர்கள், ஆலன் கீ செட், குறிப்பிட்ட அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் ஆகியவை வேண்டும். ஜாக்கியோடு இரண்டு நல்ல ஜாக் ஸ்டாண்டுகள் கட்டாயம். இவை இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள். ஸ்டாண்டுக்குப் பதிலாகச் செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ வைப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். அவை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நொறுங்கக்கூடியவை. வண்டியோடு வரும் ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு அல்ல.

முந்தின நாள் மாலையே எல்லா நட்டுகளையும் கம்பி பிரஷால் தேய்த்து, துரு இளக்கும் ஸ்பிரே அடித்துவையுங்கள். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர் வண்டி என்றால் இரண்டு முறை அடியுங்கள். உப்புக் காற்று பட்ட போல்ட்டுகள் லேசில் அசையாது.

தூக்குவது

சமமான, கெட்டியான தரை வேண்டும். கோடை வெயிலில் தார்ச்சாலை இளகி ஸ்டாண்ட் உள்ளே புதையும், அதனால் சிமெண்டுத் தரையே நல்லது. ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்துங்கள். பிறகு தூக்கி, உரிமையாளர் கையேட்டில் காட்டியிருக்கும் இடத்தில் ஸ்டாண்டை நிறுத்துங்கள்.

முன்பக்கம் இரண்டையும் ஒன்றாகவே தூக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு நிற்கும். லிங்க் ராடு வெளியே வர மறுப்பதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம். கழற்றிய சக்கரங்களைப் பாடிக்கு அடியில் படுக்க வையுங்கள். ஸ்டாண்ட் நழுவினாலும் வண்டி அதன்மேல்தான் உட்காரும். இப்போது வண்டியைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஆடினால் இறக்கிவிட்டு மறுபடி சரியாக நிறுத்துங்கள்.

கழற்றுவது

எதையும் தொடும் முன் போனில் நாலு பக்கமிருந்தும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஷாக்கில் பிடித்திருக்கும் பிரேக் ஹோஸையும், ஏபிஎஸ் சென்சார் ஒயரையும் பிராக்கெட்டிலிருந்து விடுவியுங்கள். ஹோஸின் இணைப்பை அவிழ்க்க வேண்டாம், பிராக்கெட்டிலிருந்து விலக்கினால் போதும்.

அடுத்து லிங்க் ராடு நட்டு. நட்டைத் திருப்பும்போது உள்ளே இருக்கும் பந்து முனையும் சேர்ந்து சுற்றும். முனையின் நடுவில் ஆலன் கீ நுழையும் குழி இருக்கும். அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நட்டை ரிங் ஸ்பேனரால் திருப்புங்கள்.

ஷாக்கையும் நக்கிளையும் பிடித்திருப்பவை இரண்டு பெரிய போல்ட்டுகள். அவற்றை அசைக்கும் முன், ஷாக் பிராக்கெட்டும் நக்கிளும் சந்திக்கும் இடத்தில் வெள்ளை பெயிண்டால் கோடு போடுங்கள். சக்கரம் எவ்வளவு சாய்ந்து நிற்க வேண்டும் என்ற கணக்கு இந்த இடத்தில்தான் இருக்கிறது. போல்ட் தலையைப் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள். சில வண்டிகளில் போல்ட் கழுத்தில் பற்கள் இருக்கும், போல்ட்டைச் சுற்றினால் துளை தேய்ந்துவிடும்.

போல்ட்டுகளை வெளியே எடுக்கும் முன் நக்கிளைக் கீழ்ப்பக்கம் பிடித்திருக்கும் லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக்கியால் லேசாக முட்டுக்கொடுங்கள். நக்கிளை ஒரு கெட்டிக் கயிற்றால் மேலே கட்டுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஷாக் விடுபட்டதும் நக்கிள் வெளிப்பக்கம் சாயும். அப்போது பிரேக் ஹோஸ் இழுபடும், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் உள்முனை ஜாயின்ட் பிரிந்துபோகவும் வாய்ப்புண்டு.

இனி பானெட்டைத் திறந்து மேல்பக்கம். பல மாடல்களில் வட்டமாக இரண்டு மூன்று சிறிய நட்டுகள் இருக்கும், நடுவில் ஒரு பெரிய நட்டு இருக்கும். சிறியவற்றை மட்டும் கழற்றுங்கள். நடு நட்டைத் தொடாதீர்கள். அமுங்கியிருக்கும் ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். வேறு சில மாடல்களில் மேலே ஒரே நட்டுதான் தெரியும். அங்கே பாடியைப் பிடிக்கும் நட்டு மேலேயும் ஸ்பிரிங்கைப் பிடிக்கும் நட்டு அதற்குக் கீழேயும் இருக்கலாம். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பார்த்து எது எது என்று தெளிவான பிறகே கை வையுங்கள். கடைசி நட்டைக் கழற்றும்போது ஒருவர் கீழே ஷாக்கைப் பிடித்துக்கொண்டால் நல்லது, ஏனென்றால் அது கனமானது.

ஸ்பிரிங் கட்டம்

சுமார் 900 கிலோ எடையுள்ள காரில் ஏறத்தாழ 60 சதவீதம் முன்பக்கம் வரும். அதாவது ஒவ்வொரு முன் ஸ்பிரிங்கும் கால் டன்னுக்கு மேல் தாங்கிப் பழகியது. அதை அமுக்கும்போது அந்த அளவு சக்தி உள்ளே சேர்கிறது. விலை குறைந்த கொக்கிக் கம்ப்ரஸர் வழுக்கினால் ஸ்பிரிங் முகத்துக்கு நேரே பாயும். அதனால் கழற்றிய இரண்டு தூண்களையும் புதிய ஷாக்குகளையும் எடுத்துக்கொண்டு, சுவரிலோ மேஜையிலோ பொருத்திய ஸ்பிரிங் பிரஸ் இருக்கும் பட்டறைக்குப் போங்கள். வேலை சீக்கிரம் முடிந்துவிடும்.

அங்கே பக்கத்தில் நின்று சில விஷயங்களைக் கவனியுங்கள். புதிய ஷாக்கை நேராக நிறுத்தி, ஸ்பிரிங் மாட்டும் முன் முழு நீளத்துக்கு நாலைந்து முறை அமுக்கி விட வேண்டும். படுத்துக் கிடந்ததில் உள்ளே சேர்ந்த காற்று அப்போதுதான் வெளியேறும். பளபளக்கும் தண்டை பிளையரால் பிடிக்க விடாதீர்கள். ஒரு கீறல் போதும், சீல் கிழிந்து எண்ணெய் கசியத் தொடங்கும். ஸ்பிரிங்கின் கீழ்முனை, தட்டில் இருக்கும் படியில் சரியாக முட்டி உட்கார வேண்டும்.

மாட்டுவது

தூணை உள்ளே ஏற்றி மேல் நட்டுகளைக் கையால் மட்டும் பூட்டுங்கள். நக்கிளைத் துளைக்கு நேராகக் கொண்டுவர ஜாக்கியை ஏற்றி இறக்குங்கள். போல்ட்டுகள் பழைய திசையிலேயே போக வேண்டும். வெள்ளைக் கோடுகளைச் சேர்த்து வைத்து, மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள், அப்புறம் மேல் நட்டுகளையும் அதேபோல் இறுக்குங்கள். லிங்க் ராடு, ஹோஸ், சென்சார் ஒயர் எல்லாம் பழைய இடத்துக்குப் போகட்டும். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். ஹோஸ் முறுக்கவோ உரசவோ கூடாது.

சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கி, வீல் நட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள். மெதுவாக ஒரு சுற்று போய் வந்து, சத்தம் கேட்கிறதா, பிரேக் போட்டால் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். அடுத்து நேராக வீல் அலைன்மென்ட் கடைக்கு. கோடு எவ்வளவு கச்சிதமாகப் பொருந்தினாலும் சாய்மானம் கொஞ்சமாவது மாறியிருக்கும், அது டயரைத் தின்னும். 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா நட்டுகளையும் ஒரு முறை சரிபாருங்கள்.

பழைய ஷாக்குகளைப் பழைய இரும்புக் கடையில் போடும்போது, பல ஷாக்குகளுக்குள் அழுத்தமாக அடைத்த வாயு இருக்கும், வெட்டவோ தீயில் காட்டவோ வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள்.