ஓ.டி. என்றால் ஆபரேஷன் தியேட்டர் இல்லை: மதுரைப் பக்கத்திலிருந்து ஆக்குபேஷனல் தெரபி படிக்கப் போகிறவர்களுக்கு

முதல் தவறு விண்ணப்பத்திலேயே நடந்துவிடுகிறது. ‘ஓ.டி. கோர்ஸ்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பி.எஸ்சி. ஆபரேஷன் தியேட்டர் டெக்னாலஜியை டிக் செய்துவிடுகிறார்கள். அது அறுவை அரங்கில் உதவும் வேலை. நீங்கள் தேட வேண்டிய பெயர் பி.ஓ.டி., அதாவது பேச்சலர் ஆஃப் ஆக்குபேஷனல் தெரபி. நோயாலோ காயத்தாலோ முடங்கியவரை அன்றாட வேலைகளைத் தாமே செய்ய வைக்கும் சிகிச்சை இது. ‘ஆக்குபேஷனல்’ என்பதைப் பார்த்து, கூடை முடையக் கற்றுத்தரும் படிப்பு என்றும் நினைத்துவிட வேண்டாம்.

பக்கவாதத்தில் வலது கை விழுந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் எழுந்து நடக்கவும் தசைக்கு வலுவேறவும் பிசியோதெரபிஸ்ட் முக்கியமாகப் பார்ப்பார். அதே கையால் சோறு பிசைந்து உண்ண, பொத்தான் போட, கைலி கட்ட வைப்பது ஓ.டி. வேலை. கை முழுதாகத் திரும்பாது என்றால் பொருளை மாற்ற வேண்டும். பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றிக் கரண்டிப் பிடியைத் தடிமனாக்கினாலே பலர் தாமாகச் சாப்பிட்டுவிடுவார்கள். அதுவும் போதாதென்றால் வீட்டை மாற்ற வேண்டும். வாசற்படி அரையடி உயரம் இருந்தால், ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்ற கணக்கில் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் 6 அடி நீளம் வரும். மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் அந்த 6 அடி பாதித் தெருவை அடைத்துவிடும். அங்கே என்ன செய்வது என்று யோசிக்கப் பிடிக்கிறதா? அப்படியென்றால் இந்தப் படிப்பு உங்களுக்குத்தான்.

கைவேலையும் நிறைய உண்டு. புறங்கை வெந்துபோனவருக்கு ஸ்பிளிண்ட் (கையைச் சரியான நிலையில் தாங்கிப் பிடிக்கும் அச்சு) செய்ய, தெர்மோபிளாஸ்டிக் என்ற சூட்டில் இளகும் தகட்டைச் சுமார் 65 முதல் 70 டிகிரி வெந்நீரில் இளக்கி, சில நிமிடங்களுக்குள் கையில் வைத்து வடிவம் பிடிக்க வேண்டும். மணிக்கட்டு 20 முதல் 30 டிகிரி பின்னால் சாய, விரல்களின் அடிமூட்டு 70 டிகிரியாவது மடங்க, விரல்கள் நேராக நிற்க வேண்டும். அடிமூட்டை மடக்காமல் விட்டால் மூட்டின் இருபக்கத்துத் தசைநார்கள் சுருங்கிவிடும். புண் ஆறிய பிறகும் கை மூடாது.

சேருவதற்கு முன் இரண்டு மூன்று நாளாவது இதை நேரில் பாருங்கள். மனநல மறுவாழ்வுக்கு மதுரையிலேயே எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை இருக்கிறது. மாற்றுத்திறன் குழந்தைகளுடனான வேலைக்குத் தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம். முன்கூட்டியே அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள்.

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலுடன் உயிரியல், அல்லது தாவரவியல்–விலங்கியல் படித்திருக்க வேண்டும். கணக்கு–கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் படித்தவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு மருத்துவக் கல்வித் தேர்வுக் குழுவின் துணை மருத்துவப் படிப்பு விண்ணப்பம். சென்னை அருகே முட்டுக்காட்டில், மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிப்மெட் நிறுவனத்துக்குச் சேர்க்கை தனி. மாநில விண்ணப்பம் அங்கே செல்லாது. நுழைவு விதிகள் மாறக்கூடியவை என்பதால் அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டை மட்டும் நம்புங்கள். சாதி, இருப்பிட, முதல் பட்டதாரிச் சான்றுகளை ரிசல்ட் வரும் முன்பே இ–சேவையில் வாங்கி வையுங்கள்.

கல்லூரிகள் குறைவு. கோவையில் கே.எம்.சி.எச். கல்லூரி, வேலூரில் சி.எம்.சி. எங்கே சேர்ந்தாலும் கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். பல்கலைக்கழக இணைப்பு உண்டா, உலக ஓ.டி. கூட்டமைப்பின் அங்கீகாரம் உண்டா, ஸ்பிளிண்ட் அறையில் மாணவர்கள் வேலை செய்கிறார்களா என்று கேளுங்கள். அந்தக் கூட்டமைப்பு எதிர்பார்ப்பது குறைந்தது 1,000 மணி நேரக் களப்பயிற்சி. ஆறு மாத டிப்ளமோவில் தெரபிஸ்ட் ஆக்குகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள்.

நான்கு ஆண்டுப் படிப்பு, அதன்பின் இன்டர்ன்ஷிப். முதலாண்டு உடற்கூறியலில்தான் அரியர் விழும். தோளிலிருந்து விரல் வரை தசை, நரம்பு எல்லாவற்றையும் எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். படம் பார்த்து மனப்பாடம் செய்தது நோயாளி முன்னால் நிற்காது.

ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கிறதா என்று சில மையங்கள் கேட்கும். அந்த கவுன்சில் பதிவு செய்யும் தொழில்களின் பட்டியலில் ஓ.டி. இல்லை. இது 2021 தேசிய துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் கீழ் வருகிறது. அரசு மருத்துவமனைப் பணியிடங்கள் சொற்பம்; எம்.ஆர்.பி. எனும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். புதிதாக வருபவர்களுக்குக் கதவு திறப்பது பெரும்பாலும் குழந்தைகள் மையங்களில்தான். அங்கே சம்பளத்தோடு இன்னொன்றையும் கேளுங்கள்: மேற்பார்க்க மூத்த தெரபிஸ்ட் உண்டா? தனியாக விடப்பட்டால், எல்லாக் குழந்தையையும் ஒரே ஊஞ்சலில் ஆட்டும் பழக்கம் வந்துவிடும்.

வெளிநாடு போகிறவர்களுக்கு: அமெரிக்காவில் நுழைவுத் தகுதியே முதுநிலை அளவு, பிரிட்டனில் எச்.சி.பி.சி. என்ற சுகாதாரத் தொழில் கவுன்சிலின் பதிவு வேண்டும். களப்பயிற்சி எங்கே, எத்தனை மணி நேரம் என்ற விவரத்தையும் முழுப் பாடத்திட்டத்தையும் கல்லூரி முத்திரையோடு கடைசி நாளுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். ஐந்து வருடம் கழித்துக் கேட்டால், அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் அங்கே இருக்கமாட்டார்.