வத்தல்மலையில இருந்து கேலக்சி கூட்டம் பாக்குறது எப்படி

ஏப்ரல் அமாவாசையா பாத்து வத்தல்மலை ஏறிடுங்க, தர்மபுரி டவுன் லைட்டு படாத பக்கமா 8 இன்ச் டெலஸ்கோப்ப வைங்க, டார்ச்சுல சிவப்பு கண்ணாடி பேப்பர் சுத்திக்கோங்க, கண்ணு இருட்டுக்குப் பழக அரைமணி நேரமாச்சும் ஆகும்.

உத்திரம் நட்சத்திரத்துக்கும் கன்னி ராசியில இருக்கிற விண்டிமியாட்ரிக்ஸ் நட்சத்திரத்துக்கும் நடுவுல மெதுவா நகத்துங்க. ஊதுன விபூதி மாதிரி ரெண்டு மங்கல் தெரியும், அதுதான் எம்84, எம்86னு மெஸ்ஸியே பட்டியல்ல நம்பர் போட்ட ரெண்டு கேலக்சி, அதாவது நட்சத்திர மண்டலம். சுமார் 5 கோடி ஒளியாண்டு தூரம், இதுங்க இருக்கிற கன்னி கேலக்சி கூட்டத்துல ஆயிரத்துக்கு மேல கேலக்சி இருக்கு!

அப்புறம் எம்90ஐ கட்டாயம் பாருங்க. சுருள் கேலக்சிதான், ஆனா கூட்டத்துக்குள்ள கோடிக்கணக்கான டிகிரி சூட்டுல இருக்கிற வாயுவ கிழிச்சிக்கிட்டு வேகமா ஓடுறதால எதிர்காத்துல துண்டு பறக்குற மாதிரி அதோட குளிர்ந்த வாயு உருவிப் போயிடுச்சு, அந்த வாயுதான் புது நட்சத்திரத்துக்கு மாவு, அதனால ஓரத்துல இப்ப நட்சத்திரம் பொறக்குறதே நின்னுபோச்சு. தனியா இருக்கிற சுருளுங்க இன்னும் நீலமா புது நட்சத்திரத்த பெத்துக்கிட்டே இருக்கு. எனக்கு அத பாக்குறப்பல்லாம் மனசு கனத்துடும்.